மட்டக்கோல் – வாசகர் கேள்விகள்: சென்டரிங் இல்லாத கூரை

போன இதழில் சென்டரிங் பலகை (கூரை இறுகும்வரை அடியில் தாங்கிப் பிடிக்கிற பலகை) வாடகையைப் பற்றிப் புலம்பும்போது, "இது எதுவுமே இல்லாமல் கூரை போட்ட எகிப்துக்காரர் ஒருவர் இருந்தார், ஹசன் ஃபாத்தி என்று பெயர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மூன்று பக்கம் எழுதிய பலகை வாடகையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள். சரி, இந்த மாதம் முழுக்க அவர்தான். செப்டிக் டேங்க் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹசன் ஃபாத்தி யார்? எந்தக் காலத்து மனிதர்?
– ஆர்.வி., திண்டுக்கல்

1900-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். அப்பாவுக்கு நிலபுலன் ஏராளம். ஆனால் அந்த மனிதருக்குக் கிராமம் என்றாலே ஈயும் கொசுவும்தான், பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார். அம்மாவோ சின்ன வயதில் கிராமத்தில் வளர்ந்ததை நினைத்து நினைத்துக் கதை சொல்லிக்கொண்டே இருந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு விவசாயப் பள்ளியில் சேர ஆசை. நுழைவுத் தேர்வில் மக்காச்சோளம் எத்தனை மாதப் பயிர் என்பது மாதிரிக் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். வயலில் காலே வைக்காதவர் என்ன சொல்வார்? தேறவில்லை. அதனால்தான் கட்டடக்கலைக்கு வந்தார், 1926-இல் கெய்ரோவில் பட்டம் வாங்கினார். சொந்த நிலத்தில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவருக்கு வயது 27. அங்கே குடியானவர்கள் இருந்த குடிசைகளைப் பார்த்துவிட்டு வந்தவர், அதற்கு முன்பு இருந்த மனிதராக இல்லை.

1930-இல் கெய்ரோ நுண்கலைப் பள்ளியில் வாத்தியார் வேலை. 1946 வரை அங்கே, பிறகு 1953 முதல் 1957 வரை மறுபடியும் அங்கேயே. நடுவில்தான் அவருக்குப் பேரும் கெட்ட பேரும் வாங்கித் தந்த குர்னா என்ற ஊர். அதைக் கீழே சொல்கிறேன். 1957-இல் வெறுத்துப்போய் ஏதென்ஸ் போனார், டாக்சியாடிஸ் என்ற நகரத் திட்டமிடல் நிபுணரிடம் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். 1989-இல் கெய்ரோவில் காலமானார்.

சென்டரிங் இல்லாமல், கம்பி இல்லாமல், மரம் இல்லாமல் கூரையா? முப்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். காதில் பூச் சுற்றாதீர்கள்.
– கட்டட மேஸ்திரி, மணப்பாறை

மேஸ்திரி, உங்கள் கோபம் நியாயம். ஃபாத்தியும் முதலில் உங்களைப் போலத்தான் இருந்தார்.

இரண்டாம் உலகப் போர் நேரம். எகிப்துக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த இரும்பும் மரமும் நின்றுபோயின. அங்கே உள்ளூரில் உத்திரத்துக்கு ஆகிற மரம் கிடையாது. பாஹ்டிம் என்ற இடத்தில் ஒரு பண்ணைக்குக் கட்டடம் வேண்டும். சுவருக்குப் பிரச்சினை இல்லை, நைல் வண்டலில் அறுத்து, சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த பச்சைக்கல் போதும். கூரைக்கு என்ன செய்வது? அதே கல்லை வளைத்துக் கட்டிவிடலாமே என்று பார்த்தார். கட்டக் கட்ட விழுந்தது. தாங்கிப் பிடிக்கப் பலகை இல்லாமல் வளைவு எப்படி நிற்கும்?

அப்போது அவருடைய அண்ணன் தெற்கு எகிப்தில் அஸ்வான் அணையில் வேலையில் இருந்தார். "இங்கே நூபியர்கள் பலகையே இல்லாமல் வளைவுக் கூரை போடுகிறார்களே" என்று சொன்னது அவர்தான். 1941-இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஃபாத்தி அஸ்வான் போனார். மேற்கு அஸ்வான் கிராமத்தில் தெருத்தெருவாக மண் வளைவு வீடுகள், அதைக் கட்டுகிற கொத்தனார்கள் உயிரோடு, கண் முன்னால். வழியில் லக்ஸரில் ராமெசியம் கோயிலின் தானியக் கிடங்குகளையும் பார்த்தார். அதே பச்சைக்கல், அதே வளைவு, மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் நிற்கிறது. கல்லூரியில் அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். மூன்று மீட்டர் அகல அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கச் சுவர் எழும்பியாகிவிட்டது, ஒரு கடைசிச் சுவர் மட்டும் மேலே உயர்ந்து நிற்கிறது. பக்கச் சுவர்களுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு இரண்டு கொத்தனார்கள் ஏறி நிற்கிறார்கள். இந்தப் பலகை ஆள் நிற்க மட்டும்தான், கூரையைத் தாங்க அல்ல. கடைசிச் சுவரில் சேற்றை அப்பி, வாச்சியால் (செதுக்குகிற கைக்கருவி) செதுக்கி, வளைவின் கோட்டைக் கொண்டுவருகிறார்கள். நூல் பிடிப்பதில்லை, கவராயம் இல்லை, கண்தான். நாம் போடுகிற அரை வட்ட ஆர்ச் மாதிரி இருக்காது, உச்சி தூக்கலாக இருக்கும். சங்கிலியின் இரண்டு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த வடிவம். அப்படி இருந்தால் கல்லுக்கு இழுவிசை வராது, அமுக்கம் மட்டும்தான். பச்சைக்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும்.

சூட்சுமம் சாய்வில் இருக்கிறது. முதல் கல்லைப் பக்கச் சுவர்மேல் நேராக நிறுத்தாமல், அடியில் சேற்றை ஆப்பு மாதிரி வைத்து, கடைசிச் சுவர்மேல் சாய்த்து ஒட்டுகிறார்கள். அடுத்த வரிசை அதன்மேல் சாய்கிறது. இப்படியே ஒவ்வொரு வளையமும் முந்தைய வளையத்தின்மேல் சாய்ந்தபடி முன்னால் வந்துகொண்டே இருக்கும். உச்சியில் கல் மாட்டி வளையம் மூடுகிற வரைக்கும் சாய்வும் சேற்றின் பிடிப்பும் கல்லை நிறுத்தும். மூடிவிட்டால் அது தன்னாலே நிற்கிற ஆர்ச். கல்லும் சுவருக்கு அறுக்கிற கல் இல்லை, கூரைக்கென்றே தனியாக அறுத்தது: 25 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 5 கனம். எடை குறைய வைக்கோல் கூடுதல். ஈரமாக இருக்கும்போதே முகத்தில் விரலால் இரண்டு கோடு சாய்வாகக் கீறி வைப்பார்கள், சேறு கவ்விப் பிடிக்க. மேல்பக்க இடுக்கில் சேற்றை மட்டும் திணிக்காமல் கல் சில்லு, ஓட்டுச் சில்லு செருகுவார்கள், சேறு காய்ந்து சுருங்கினாலும் வளையம் தளராது. மூன்றுக்கு நான்கு மீட்டர் அறைக்கு ஒன்றரை நாளில் கூரை முடிந்தது என்று ஃபாத்தி எழுதியிருக்கிறார்.

நீங்கள் நம்பவில்லை என்று தெரியும். நானும் நம்பவில்லை. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பட்டறைக்குப் பின்னால் கடைசி வருடப் பையன்களை வைத்துச் செய்து பார்த்தேன். ஏரி மண்ணில் கல் அறுத்தோம். ஒன்பதாவது வளையம் வரைக்கும் வந்தது, பத்தாவதை மூடுவதற்குள் மொத்தமும் சரிந்து காலடியில் கிடந்தது. பையன்களுக்கு ஒரே சிரிப்பு. அன்று சாயங்காலம் என் அப்பாவிடம் சொன்னேன், அவர் நாற்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். மறுநாள் மெனக்கெட்டு பஸ் ஏறி வந்தார். விழுந்த கல்லில் ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார், உடைத்துப் பார்த்தார். "வைக்கோலை ஏன்டா மிச்சம் பிடிச்ச? சேறு ஏன் மோர் மாதிரி இருக்கு?" அவ்வளவுதான் கேட்டார். வைக்கோலைக் கூட்டி, சேற்றை இறுக்கி மறுபடி கட்டினோம், நின்றது. ஃபாத்தியின் பேரை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை.

எகிப்துக்காரரை ஆப்பிரிக்கக் கட்டடக் கலைஞர் என்று சொல்லலாமா?
– பி.என்., விருதுநகர்

வரைபடத்தைப் பாருங்கள். அதற்குமேல் ஆதாரம் வேண்டுமென்றால், அவருடைய கூரையே நூபியர்களிடமிருந்து வந்தது. நூபியா என்பது எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் பரவிய நிலம். இன்றைக்கு அதே முறையை மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாசோவில், 2000-இல் தொடங்கிய ஓர் அமைப்பு உள்ளூர்க் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. அங்கேயும் மரத்துக்குப் பஞ்சம், தகரக் கூரைக்கு அடியில் கோடையில் உட்கார முடியாது.

ஏழைகளுக்காக ஒரு ஊரையே கட்டினார் என்கிறார்கள். அந்த ஏழைகள் அங்கே குடிபோகவே மறுத்துவிட்டார்கள் என்றும் படித்தேன். அப்படியானால் இவர் எப்படிப் பெரிய ஆள்?
– வாசகி, ஈரோடு

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி.

லக்ஸருக்கு எதிர்க்கரையில், பாறைக் குன்றில், பழங்கால எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் இருக்கின்றன. அந்தக் கல்லறைகளின் மேலேயே வீடு கட்டிக்கொண்டு ஏழாயிரம் பேர் வாழ்ந்தார்கள், அதுதான் குர்னா. ஏன் அங்கே? கல்லறைதான் சோறு போட்டது. தொல்பொருள் ஆய்வாளர்களுக்கு மண் வெட்டினார்கள், சுற்றுலாப் பயணிகளுக்குப் போலிச் சிலை விற்றார்கள், சில பேர் அசலையும் தோண்டி விற்றார்கள். ஒரு தடவை, அரசாங்கப் பதிவேட்டில் இருந்த பாறைச் சிற்பம் ஒன்று முழுசாக அறுத்துக் கடத்தப்பட்டது. பெரிய அவமானமாகிவிட்டது. ஊரையே காலிசெய்து கீழே சமவெளிக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். புது ஊரைக் கட்ட 1945-இல் தொல்பொருள் துறை கூப்பிட்ட ஆள் ஃபாத்தி. பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்.

மெம்னான் சிலைகளுக்குப் பக்கத்தில் 50 ஏக்கர். மசூதி, சந்தை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி, கைவினைக் கூடம், ஒரு நாடக அரங்கம்கூட. வீடுகளை ஒரே அச்சில் வார்க்கவில்லை. தெருவை வேண்டுமென்றே வளைத்து, பங்காளிகள் ஒரு முற்றத்தைச் சுற்றி இருக்கும்படி அமைத்தார். அஸ்வான் கொத்தனார்கள் வந்தார்கள், உள்ளூர்ப் பையன்கள் அவர்களிடம் வேலை கற்றுக்கொண்டார்கள். கோப்பு நகராமல் கூலி நின்றது, வைக்கோல் வாங்குவதற்குக்கூட அலுவலகத்தோடு மல்லுக்கட்டினார். மூன்று வருடத்தில் வேலை நின்றுபோனது. திட்டமிட்டதில் சிறு பகுதிதான் எழும்பியது.

குர்னா மக்கள் வரவில்லை. வராதது மட்டுமல்ல, நைல் வெள்ளக் காலத்தில் ஒரு ராத்திரி யாரோ கரையை வெட்டி, புது ஊருக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். இதை ஃபாத்தியே எழுதியிருக்கிறார். பிழைப்பு மேலே இருக்கும்போது கீழே வந்து என்ன செய்வது? இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கத்தில் குவிமாடம் என்றால் அது மகான்களின் சமாதிக்கு வைப்பது. வீட்டுக்கு மேல் குவிமாடத்தை வைத்தால் அதற்குள் படுக்க யாருக்கு மனம் வரும்?

என் வருத்தம் வேறு. வீட்டைப் பற்றிப் பெண்களிடம் கேட்க முடியவில்லை, ஆண்கள் அவர்களைக் கண்ணில் காட்டவில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொள்கிறார். கேட்க முடியாதது அவர் தப்பில்லை. ஆனால் கேட்காமலேயே ஒரு முடிவு எடுத்தார் பாருங்கள். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டாம், பொது இடத்தில் பம்பு போதும் என்றார். காரணம்? பெண்கள் வெளியே வந்து நாலு பேரைப் பார்ப்பதே தண்ணீர் எடுக்கப் போகும்போதுதான், கல்யாண வயதுப் பெண்ணை மாப்பிள்ளை பார்ப்பதும் அந்த வழியில்தான், குழாய் போட்டால் அதுவும் போய்விடும் என்று. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு அரை மைல் நடந்த என் அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால், குடத்தை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பார்.

பிறகும் எதற்குப் பெரிய ஆள் என்றால், இந்தத் தோல்வியை அவர் மறைக்கவில்லை. கணக்கு வழக்கோடு, யார் யாரோடு சண்டை போட்டார் என்பதோடு, எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1969-இல் கெய்ரோவில் சொற்பப் பிரதிகள் அச்சான அந்தப் புத்தகத்தை 1973-இல் சிகாகோ பல்கலைக்கழகம் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்ற தலைப்பில் மறுபடி போட்டது. அதற்குப் பிறகுதான் உலகமே அவர் பக்கம் திரும்பியது. தான் கட்டி முடித்ததைப் பற்றிப் புத்தகம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டி முடிக்காததைப் பற்றி இவ்வளவு பெரிய புத்தகம் எழுதியவர் என் அலமாரியில் இவர் ஒருவர்தான்.

மேலே இருந்த பழைய குர்னாவை 2006-க்குப் பிறகு அரசாங்கம் புல்டோசரை விட்டு இடித்து, மக்களை வேறு இடத்துக்கு அனுப்பியது. கீழே ஃபாத்தி கட்டியதிலும், அஸ்வான் உயரணை வந்து நிலத்தடி நீர் ஏறிய பிறகு, உப்பு பூத்துச் சுவர் உதிர்ந்து பல வீடுகள் போய்விட்டன. மசூதி நிற்கிறது.

எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு மண் வளைவு வீடு கட்ட ஆசை. மழைக்குத் தாங்குமா?
– கே.எம்., கும்பகோணம்

தாங்காது. லக்ஸரில் வருடக்கணக்கில் மழையே பெய்யாமல் போவதுண்டு. கும்பகோணத்தில் ஐப்பசி என்று ஒரு மாதம் இருக்கிறது. நாங்கள் பாலிடெக்னிக்கில் நிறுத்திய வளைவு புரட்டாசி வரை ஜம்மென்று இருந்தது, தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால் மண் மேடு.

ஆசையை விட வேண்டாம், பச்சைக்கல்லை விடுங்கள். ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனத்தில் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை கிடையாது, நீராற்றிக் காய வைத்தால் போதும். நூபியர் முறையிலிருந்து வளர்த்தெடுத்த வழியில் சென்டரிங் இல்லாமல் வளைவும் போடுகிறார்கள், அதைச் சொல்லியும் தருகிறார்கள். மேலே நீர் இறங்காத பூச்சு கட்டாயம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

குளிர்ச்சி விஷயத்தில் மட்டும் சந்தேகமே வேண்டாம். 1964-இல் கெய்ரோ கட்டட ஆராய்ச்சி மையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை கட்டிச் சோதித்தார்கள். ஒன்று பச்சைக்கல் சுவரும் வளைவுக் கூரையும், இன்னொன்று கான்கிரீட் பலகைகள். மார்ச் மாதத்தில், மண் அறைக்குள் ஒரு நாள் முழுக்க வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கவில்லை. கான்கிரீட் அறைக்குள் 36 டிகிரியைத் தொட்டது.

விருதுகள்?
– ஜெ., கோவை

1980-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுகளில் தலைவர் விருது, அதே வருடம் 'மாற்று நோபல்' என்கிறார்களே அதுவும், அந்த விருது தொடங்கிய முதல் வருடமே. 1984-இல் சர்வதேசக் கட்டடக் கலைஞர்கள் ஒன்றியத்தின் தங்கப் பதக்கம். எல்லாம் எண்பது வயதுக்கு வந்த பிறகு. பழைய கெய்ரோவில் கோட்டைக்குக் கீழே ஒரு பழங்கால வீட்டின் மாடியில் ஒரு பெரிய பூனைக் கூட்டத்தோடு குடியிருந்தார், வயலின் வாசிப்பார்.

நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. ஆசிரியராக ஃபாத்தி எப்படி? எங்கள் கல்லூரியில் இதுவரை ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை.
– கரூர்

அவருடைய மாணவர்களும் அப்படித்தான் இருந்தார்கள், அவருக்கு அதில்தான் எரிச்சல். அந்த 1941 அஸ்வான் பயணம் ஒரு கல்லூரிச் சுற்றுலா என்பதைக் கவனித்தீர்களா? வாத்தியாரும் பிள்ளைகளும் ஒன்றாகப் போய், எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களிடம் பாடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவருடைய வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். அளவுப் படத்திலேயே பசு நிற்கும், பேரீச்ச மரம் இருக்கும், பழைய எகிப்தியச் சுவரோவியம் மாதிரி வண்ணம் தீட்டியிருப்பார்.

அவரிடம் தொழில் பழகியவர்களில் பேர் வாங்கியவர் அப்தெல் வாஹெத் எல்-வகீல். ஜெட்டாவில் வரிசையாக மசூதிகள் கட்டியவர். 1980-இல் குருவுக்குத் தலைவர் விருது கிடைத்தபோது, அதே மேடையில் சிஷ்யருக்கும் எகிப்தின் அகமியில் கட்டிய ஒரு வீட்டுக்காக ஆகா கான் விருது கிடைத்தது. கடற்கரைப் பணக்கார வீடு. ஏழைகளுக்கென்று கண்டுபிடித்த வளைவு பணக்காரர்களின் பண்ணை வீடாகிப் போனது என்ற குறை ஃபாத்தியின் மேலேயே உண்டு, அது பொய்யும் அல்ல.

செங்கல் விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். லீவில் உங்கள் ஊரில் எங்காவது வீட்டு வேலை நடக்கும். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் சித்தாளாகப் போங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், வீட்டில் திட்டுவார்கள்.

கட்டியதெல்லாம் கொத்தனார்கள், பேர் மட்டும் இவருக்கா? அந்தக் கொத்தனார் ஒருவர் பேராவது எங்காவது இருக்கிறதா?
– ஒரு கொத்தனாரின் மகன், பரமக்குடி

இருக்கிறது. ஃபாத்தியே தன் புத்தகத்தில் பேர் பேராக எழுதியிருக்கிறார், அந்த மட்டில் அவர் நாணயஸ்தர். அதில் ஒருவர் அலாவுதீன் முஸ்தஃபா.

1980-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அபிகியு என்ற ஊரில், ஒரு முஸ்லிம் குடியிருப்புக்கு மசூதி கட்ட ஃபாத்தியை அழைத்தார்கள். அங்கேயும் காலங்காலமாகப் பச்சைக்கல் வீடுகள்தான், ஆனால் கூரை மட்டும் மரம். ஃபாத்திக்கு அப்போது எண்பது வயது. துணைக்கு அலாவுதீனை அழைத்துப் போனார். பொறியாளர்களும் மாணவர்களும் சுற்றி நின்று பார்க்க, அலாவுதீன் மேலே ஏறி, சுவரில் சேற்றை அப்பி, வாச்சியால் வளைவைச் செதுக்கினார். நூல் கேட்கவில்லை.